வாசிக்க முடியாத இடம்

குரலை அப்படியே காப்பியடிப்பதில் தொம்மையை மிஞ்ச ஊரில் ஆள் கிடையாது. பங்குச் சாமியாராகப் பிரசங்கம் வைப்பான், அடுத்த மூச்சில் மினி பஸ் கண்டக்டராகிச் சில்லறை கேட்பான். சிடியைக் காப்பியெடுக்க மட்டும் பிரகாசியிடம் கற்றுக்கொள்ள வந்தான். அவனைவிட இளையவள்தான். ஆனாலும் அவள் வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டால், "குருவே" என்றுதான் கூப்பிடுவான்.

அன்று கொண்டுவந்தது அவன் மைனியின் சிடி. அண்ணன் லாசர் கப்பல் வேலைக்குப் போகுமுன் மனைவிக்காகப் பேசிப் பதிந்து கொடுத்தது. போனவன் திரும்பவில்லை. மைனி அதை யாருக்கும் போட்டுக் காட்டியதில்லை. இப்போது கீறல் விழுந்து, ஓரிடத்தில் திக்கத் தொடங்கிவிட்டது. அடியோடு கெடுமுன் நகல் எடுத்தாக வேண்டும். அவளிடம் மிஞ்சிய குரல் அது ஒன்றுதான்.

கம்ப்யூட்டர் ஒவ்வொரு துண்டையும் இரண்டு தடவை வாசித்தது. இரண்டும் ஒத்துப்போனால்தான் அடுத்த துண்டு. கீறல் வந்ததும் நின்றுகொண்டு கிர்ர், கிர்ர் என்றது. தொம்மையும் கிர்ர் என்றான்.

"குருவே, போன தடவை வேற சாஃப்ட்வேர்ல சடுதியா முடிஞ்சுதே?"

"அது வாசிக்க முடியாத இடத்துல தானா எதையாவது இட்டு நிரப்பிரும், அண்ணே. நமக்குத் தெரியவே தெரியாது."

"இது?"

"முடியலன்னா முடியலன்னு சொல்லிரும்."

கடைசியில் அதைத்தான் சொன்னது; அந்த இடத்தை மட்டும் வெறுமையாக விட்டு மற்றதை எடுத்துத் தந்தது. நகலைப் போட்டார்கள். "சாப்ட்டுட்டுத் தூங்கு, என்ன" என்றது அண்ணன் குரல். பிறகு ஒரு மூச்சு நேரம் மௌனம். பிறகு, "சிரிக்காத, நெசமாத்தான் சொல்லுதேன்."

தொம்மைக்கு அந்த ஓட்டை பொறுக்கவில்லை. மைக்கை இழுத்து, "ஒன் நெனப்பாவே இருக்கு, புள்ள" என்றான். அண்ணனே பேசியது போலிருந்தது.

"இத அங்க சேத்துருங்க குருவே. மைனிக்கே வித்தியாசம் தெரியாது."

பிரகாசி மறுக்கவில்லை. அவன் குரலைச் சேர்த்து ஒன்று, மௌனத்தை விட்டுவைத்து ஒன்று என இரண்டு சிடி எழுதினாள். மைனியை அழைத்துவரச் சொன்னாள்.

மைனி வந்து, சேலைத் தலைப்பைக் கையில் பிசைந்தபடி உட்கார்ந்தாள். முதலில் தொம்மை நிரப்பிய சிடி ஓடியது. அந்த இடம் வந்தது, போனது. "சிரிக்காத" என்றது குரல். அங்கே யாரும் சிரிக்கவில்லை.

"நல்லாத்தான் இருக்கு, தம்பி" என்றாள் மைனி, தரையைப் பார்த்தபடி.

பிரகாசி மற்றதைப் போட்டாள். "தூங்கு, என்ன" என்று முடிந்து மௌனம் வந்ததும் மைனியின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சிரிக்காத, நெசமாத்தான் சொல்லுதேன்" என்றது குரல்.

அவளுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. கண் வழிந்து விரல் இடுக்கெல்லாம் நனைந்தது.

"மைனி, அண்ணன் அங்க என்னதான் சொன்னாவ?"

"அது எதுக்கு ஒமக்கு? ஆளப் பாரு!"

இரண்டாவது சிடியை மட்டும் வாங்கி மடியில் சொருகிக்கொண்டு போய்விட்டாள்.

தொம்மை மிஞ்சிய சிடியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு தன் குரலில் கேட்டான்.

"அந்த இடத்துல என்ன இருந்துச்சுன்னு ஒங்களுக்காவது தெரியுமா, குருவே?"

"தெரியாது, அண்ணே. அதான் ஒண்ணுல தொடாம விட்டேன்."