பின்னால் காலியாக வரும் வண்டி

சிறுமலை அடிவாரத்தில் சங்கரலிங்க சாமியின் மடம் இருந்தது. மடம் என்றதும் கோபுரத்தையும் யானையையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓட்டுக் கூரை, ஒரு கிணறு, வாசலில் கயிறு கட்டிய ஒரு மணி. அவ்வளவுதான்.

மணியை யார் அடித்தாலும் சாமியே எழுந்துபோய்க் கதவைத் திறப்பார். சீடர்கள் திறக்கக் கூடாது. மடத்துக்கென்று இருந்த ஒரே சட்டம் அது. சாகப் போகிற வழியில் ஒருவன் இங்கே ஒதுங்கியிருப்பான், அவனை வாசலில் நிறுத்தி ஊர் பேர் கேட்காதே என்பார் சாமி.

பிற்பாடு மணி அடிக்கிறவர்கள் குறைந்து, போனில் கூப்பிடுகிறவர்கள் பெருகினார்கள். பக்தர் ஒருவர் ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்தார். அதற்கும் அதே சட்டம்தான். அடித்தால் சாமிதான் எடுப்பார். அந்தப் பக்கம் யாராவது அழுவார்கள். சாமி கேட்டுக்கொண்டே இருப்பார். முடிவில் ஒரு வார்த்தை சொல்வார். சில நாள் அதுவும் இருக்காது. ஆனாலும் பேசியவர்கள் மறுபடி சோறு தின்றார்கள், வேலைக்குப் போனார்கள்.

அந்த வருஷம் தை பிறந்ததும் சாமி ராத்திரிக் கஞ்சியை நிறுத்தினார். மாசியில் பகல் சாப்பாடும் நின்றது. காலையில் ஒரு டம்ளர் மோர் மட்டும் குடித்தார்.

கூடவே இருந்த சீடர் தில்லைநாயகம் தினமும் கஞ்சியோடு வந்து நின்றார். அவர் முன்னாள் பஸ் கண்டக்டர். எந்தக் கூட்டத்தையும் அடக்கத் தெரிந்தவர். சாமி மேல் உயிரையே வைத்திருந்தார்.

"ஏன் சாமி சாப்பிட மாட்டேங்கிறீங்க?"

"பசிக்கல."

"டாக்டரைக் கூட்டிட்டு வரவா?"

"பசிக்காததுக்கு எதுக்குப்பா டாக்டரு?"

போனும் அந்த நாட்களில் மக்கர் பண்ணியது. பச்சைப் பொத்தானைத் தள்ளினால் யோசித்து யோசித்துத்தான் நகரும். அதற்குள் கூப்பிட்டவர் வைத்துவிடுவார்.

"இதுக்கும் வயசாயிருச்சு நாயகம். ரெண்டு பேரையும் ஒண்ணா வழியனுப்பிரு" என்றார் சாமி. சிரிக்கத்தான் சொன்னார். தில்லைநாயகத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் அவர் போனை எடுத்துக்கொண்டு திண்டுக்கல்லுக்குப் போனார். சாயங்காலம் திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றி உதறிய விதத்திலேயே கோபம் தெரிந்தது.

"அயோக்கியப் பயலுக சாமி."

"யாரு?"

"இந்தப் போனைச் செஞ்ச கம்பெனிக்காரனுக. பேட்டரி பழசானா போன் திடீர்னு அணைஞ்சு போகுமாம். அது அணையாம இருக்கணும்னு அவனுகளே உள்ள ஒரு ஏற்பாடு பண்ணி மெதுவாக்கிட்டானுக. ரிப்பேர் கடையில சொன்னாங்க. பேட்டரியை மாத்துன உடனே பாருங்க, குதிரை மாதிரி ஓடுது."

சாமி போனை வாங்கித் தேய்த்துப் பார்த்தார். ஓடியது.

"திடீர்னு அணையக் கூடாதுன்னுதானே பண்ணியிருக்கான்? நல்ல எண்ணந்தானே?"

"என்ன சாமி நல்ல எண்ணம்? நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேணாமா? நல்லா இருக்கிற போனைக் கெழடு தட்டிருச்சுன்னு நெனச்சு எத்தனை பேரு தூக்கிப் போட்டிருப்பான்! நம்பி வாங்குனவனை இப்படியா பண்றது?"

"அது சரி." சாமி போனைப் பாய்மேல் வைத்தார். "போனுக்கு வயசாகல. எனக்குத்தான் ஆச்சு."

"அப்படிச் சொல்லாதீங்க சாமி."

"வேற எப்படிச் சொல்றது? முன்னெல்லாம் சாப்பிட உக்கார முடியாது, அடிச்சுக்கிட்டே இருக்கும். இப்ப மத்தியானத்துக்கு மேல ஒரு ஆள் கூப்பிடுறதில்ல. நானும் பாத்துக்கிட்டே இருக்கேன். இந்த உடம்பால இனி யாருக்கும் உபயோகமில்ல, போதும்னு உத்தரவு வந்திருச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டேன். அதான் கஞ்சியைக் குறைச்சேன். இன்னும் கொஞ்ச நாள்தான்."

தில்லைநாயகம் கிட்டே வந்தார்.

"சாமி, உங்களுக்கு ஒரு உத்தரவும் வரல."

சாமி நிமிர்ந்து பார்த்தார்.

"ஆடி மாசம் கிணத்தடியில மயங்கி விழுந்தீங்கல்ல? ராவும் பகலும் அடுத்தவன் துக்கத்தையே கேட்டுக்கிட்டிருந்தா இதயம் தாங்காதுன்னு டாக்டரு என்கிட்ட சொன்னாரு. அன்னையில இருந்து மத்தியானத்துக்கு மேல வர்ற காலெல்லாம் என் போனுக்கு வர்ற மாதிரி மாத்தி வச்சேன். நாந்தான் எடுத்துப் பேசிக்கிட்டிருக்கேன்."

தில்லைநாயகம் உள்ளே ஓடிப்போய்க் கஞ்சியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார்.

"ஜனங்க உங்களைத் தேடிக்கிட்டுத்தான் இருக்காங்க சாமி. குடிங்க."

சாமி கிண்ணத்தைத் தொடவில்லை.

"கூப்பிட்டவங்ககிட்ட என்ன சொன்ன?"

"சாமி தியானத்துல இருக்காரு, நாளைக்குக் கூப்பிடுங்கன்னு சொன்னேன். பஸ்ல சொல்லிச் சொல்லிப் பழகுனதுதானே. கூட்டம் ஏறாம இருக்க, பின்னாடி வண்டி காலியா வருதுன்னு சொல்லுவோம்ல, அந்த மாதிரி."

"வந்துச்சா?"

"எது சாமி?"

"பின்னாடி வண்டி."

கூப்பிட்டவர்களுக்கு மறுநாளும் வேலை ஓய்ந்தது மத்தியானத்துக்கு மேல்தான். மறுநாளும் தில்லைநாயகமேதான் எடுத்தார்.

"திரும்பத் திரும்பக் கூப்பிட்டது யாரு?"

"வேடசந்தூர்ப் பக்கம் ஒரு பொண்ணு. நாகஜோதின்னு பேரு. மில்லுல வேலை. அழ மாட்டா. சாமி எந்திரிச்சுட்டாரான்னு மட்டும் கேட்டுட்டு வச்சிருவா. கொஞ்ச நாளா கூப்பிடல. சரியாப் போயிருக்கும்னு நெனச்சேன்."

"போடு அவளுக்கு."

தில்லைநாயகம் தன் போனில் எண்ணைத் தேடி அழுத்தி, ஸ்பீக்கரில் வைத்தார். ஓர் ஆண் குரல் எடுத்தது.

"நாகஜோதி இருக்காங்களா?"

"நீங்க யாரு?"

"சிறுமலை மடத்துல இருந்து பேசுறோம்."

அந்தப் பக்கம் ஒரு குழந்தை எதற்கோ சிணுங்குவது கேட்டது.

"நான் அவ அண்ணன். போன வாரந்தான் அவ காரியம் முடிஞ்சுச்சு" என்றது குரல். பிறகு கேட்டது: "சாமி இப்பத்தான் எந்திரிச்சாராக்கும்?"

போன் வைக்கப்பட்டது.

தில்லைநாயகம் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அதைப் பார்க்கக் கொடுமையாகத்தான் இருந்தது. சாமி அவரைத் தேற்றவில்லை. ஆறிப்போன கஞ்சியை எடுத்தார். வேட்டியில் கொஞ்சம் சிந்தியது. நின்று நின்று, மிச்சம் வைக்காமல் குடித்தார். பிறகு தில்லைநாயகத்தின் போனுக்காகக் கையை நீட்டினார். அதில் இன்னும் நிறைய எண்கள் இருந்தன.

போனைக் கொடுத்துவிட்டுத் தில்லைநாயகம் அவர் காலடியில் உட்கார்ந்தார்.

"உங்களை உசுரோட வச்சிருக்கணும்னுதானே சாமி செஞ்சேன்?"

"வச்சிருக்க."

"அது தப்பா சாமி?"

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்னு உனக்குத் தெரியும் நாயகம். தெரிஞ்சதாலதான் நீ கேக்கல."