பெட்டிக்குள் குடியிருந்த நவநீதம்

வெள்ளாட்டுப்பட்டிக்காரர்கள் மகா புத்திசாலிகள். வெள்ளாட்டுப்பட்டியில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். அந்த ஊருக்கு எல்லாத் திசையிலும் வழி உண்டு, ஒன்றிலும் பஸ் கிடையாது. பஸ் இல்லாத ஒரே காரணத்தால், ஊர்ப் பொதுநலச் சங்கச் செயலாளர் ஏகாம்பரத்துக்குக் கல்யாணமும் கிடையாது.

மணப்பள்ளத்துத் தவமணி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். "பையன் தங்கமானவன்தான். ஆனா எம்மவ பூங்கோதை தாய்வீட்டுக்கு ஒம்பது கிலோமீட்டர் நடந்தா வரணும்? பஸ்ஸைக் கொண்டாங்க, பொண்ணைக் கூட்டிட்டுப் போங்க. தை பொறக்கறதுக்குள்ள ஆகலேன்னா வேற எடம் பாத்துருவேன்."

பூங்கோதை மணப்பள்ளத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்ப்பவள். ஏகாம்பரம் அவளைத் திருவிழாவில் ஒரே ஒரு தடவைதான் பார்த்தான். அப்போது அவள் கரும்பு கடித்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து எங்கே கரும்பைக் கண்டாலும் அவனுக்குக் கண் கலங்கிவிடும்.

கையால் எழுதிய மனுவை எந்த ஆபீசிலும் மதிக்க மாட்டார்கள் என்று சங்கம் கூடி முடிவு செய்தது. டவுனில் ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கினார்கள். அது முன்பு ஒரு மாட்டு டாக்டரிடம் இருந்ததாம். ஏகாம்பரம் ஒற்றை விரலால் மூன்று நாள் தட்டி, பஸ் கேட்டு மனு எழுதினான். கடைசியில் பார்த்தால், 'இப்படிக்கு, நவநீதம்' என்று இருந்தது.

"யாருடா இந்த நவநீதம்?" என்றார் சங்கத் தலைவர் சூலப்பன்.

"தெரியலண்ணே. நான் தட்டல. அதுவாப் போட்டுக்கிச்சு."

கடைக்காரருக்குப் போன் போட்டார்கள். அவர் பொறுமைசாலி. "எழுதற எடிட்டருக்குச் சொந்தமா ஒண்ணும் தெரியாதுங்க. பெட்டிக்குள்ள ஆப்பரேட்டிங் சிஸ்டம்னு ஒண்ணு இருக்கு. இப்ப எழுதறது யாரு, அவரு வீட்டு ஃபோல்டர் எது, இன்னிக்கு என்ன தேதின்னு எடிட்டர் எல்லாத்தையும் அதுகிட்டத்தான் கேக்கும். அதோட பதிவுல எந்தப் பேரு இருக்கோ அதைச் சொல்லும். பேரை மாத்தணும்னா நீங்க அதுகிட்டச் சொல்லுங்க."

சொன்னார்கள். ஏகாம்பரம் பெட்டியின் முன் கைகட்டி நின்று, "ஐயா, எம்பேரு ஏகாம்பரம்" என்றான். பெட்டி கேட்கவில்லை. உதவித் தலைவர் பூலோகம் கோயில் மைக் செட்டைக் கொண்டுவந்தார். அதில் சொன்னதைப் பக்கத்து ஊரே கேட்டது, பெட்டி கேட்கவில்லை. பிறகு ரேஷன் கார்டைத் திரையில் வைத்துப் பிடித்தார்கள். பாவம், எழுத்துக்கூட்டிப் படிக்கட்டும் என்று அரைமணி நேரம் அசையாமல் பிடித்தார்கள்.

அப்போது பூலோகம் எதையோ அமுக்க, வீட்டு ஃபோல்டர் திறந்தது. அதன் தலையிலும் 'நவநீதம்' என்றே இருந்தது.

"அண்ணே, ஆளு குடும்பத்தோட இங்கதான் குடியிருக்காரு!"

அன்று முதல் நவநீதத்துக்கு இரண்டு வேளையும் டீ வைத்தார்கள். அவர் குடிக்காததால் ஆறியபின் பூலோகம் குடித்தார்.

"அந்தப் பேரை அழிச்சுட்டு எம்பேரைத் தட்டிரட்டுமாண்ணே?" என்றான் ஏகாம்பரம்.

"குடியிருக்கற மனுசன் பேரை அவர் வீட்டுக்குள்ளயே பூந்து அழிப்பியா? இங்க பாரு. எழுதறது ஏகாம்பரம்னு நீ சொல்ற, நவநீதம்னு பெட்டி சொல்லுது. பெட்டி இதுவரைக்கும் ஒரு பொய் சொல்லியிருக்கா?"

"அது வந்தே நாலு நாள்தானண்ணே ஆச்சு."

"நீ என்னிக்காவது நாலு நாள் சேந்தாப்ல பொய் சொல்லாம இருந்திருக்கியா?"

ஏகாம்பரம் நியாயமாக யோசித்துப் பார்த்தான். இருந்ததில்லை. மனு நவநீதத்தின் பேரிலேயே போய்ச் சேர்ந்தது.

இதில் இன்னொன்றும் நடந்திருந்தது. அந்தப் பெட்டியின் கடிகாரம் என்றைக்கோ நின்றுபோனது. எடிட்டர் அதனிடம் தேதி கேட்டு, பதினாலு வருஷத்துக்கு முந்திய தேதியை மனுவின் உச்சியில் போட்டுவிட்டது. ஆபீசில் அதிகாரி தேதியைப் பார்த்தார். "பதினாலு வருசமாவா இது கெடப்புல கெடக்கு? வெளிய தெரிஞ்சா யார் தலை உருளுமோ!" என்று பத்தே நாளில் உத்தரவு போட்டார். 'திரு. நவநீதம் அவர்களின் கோரிக்கை ஏற்கப்பட்டு, பேருந்து இயக்கப்படுகிறது.'

மார்கழி முடியுமுன் பஸ் வந்துவிட்டது. ஏகாம்பரம் முன் சக்கரத்தைத் தொட்டுக் கும்பிட்டான்.

தவமணி உத்தரவை இரண்டு முறை படித்தார். "நான் சொன்ன சொல் மாறமாட்டேன். பஸ் கொண்டாந்தவருக்குத்தான் பொண்ணு. நவநீதம் யாரு?"

"மாமா, அது நான்தான்..." என்று ஏகாம்பரம் வாயெடுத்தான்.

"பாத்தியா, மறுபடியும் பொய்!" என்று சூலப்பன் அதட்டினார்.

முகூர்த்தத்தன்று பெட்டிக்குப் பட்டு வேட்டி சுற்றி, சந்தனம் பூசி, மாலை போட்டு, பஸ்ஸின் முன் சீட்டில் உட்காரவைத்து மணப்பள்ளம் கொண்டுபோனார்கள். மாப்பிள்ளைத் தோழனாக ஏகாம்பரம் கையில் ஒயரைப் பிடித்துக்கொண்டு கூடவே போனான். வழியெல்லாம் கரும்புத் தோட்டம். அவன் அழுத அழுகை கண்டக்டருக்கே பொறுக்கவில்லை.

மணமேடையில் ஐயர், "மாப்பிள்ளை கையை நீட்டச் சொல்லுங்கோ" என்றார்.

"செத்த பொறுங்க சாமி, பிளக்கு மாட்டினா எந்திரிச்சுருவாரு" என்றார் பூலோகம்.

பூங்கோதை மணையில் இருந்த பெட்டியைப் பார்த்தாள். ஒயரோடு நின்று விசும்பியவனையும் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, இரக்கமும் வந்தது. பெட்டியை முடுக்கினாள். பதிவைத் திறந்து, நவநீதம் என்ற பேரை எடுத்துவிட்டு ஏகாம்பரம் என்று போட்டாள். எடிட்டரைத் திறந்ததும் 'இப்படிக்கு, ஏகாம்பரம்' என்று வந்தது.

"அப்பா, இப்பப் படிங்க."

"பெட்டியே சொல்லிட்டா அப்புறம் என்ன? கொட்டுங்கடா மேளத்தை!" என்றார் தவமணி. ஏகாம்பரம் தாலி கட்டினான். அவன் வாழ்நாளில் அப்படிச் சந்தோஷப்பட்டதே இல்லை.

சாயங்காலம் பெண் மாப்பிள்ளையை ஏற்றிப்போக பஸ் வந்து நின்றது. ஏகாம்பரம் படியில் கால் வைத்தான். சூலப்பன் கை காட்டி நிறுத்தினார்.

"ஏறாத. இது யாரு கேட்ட பஸ்ஸு?"

"நவநீதம் கேட்ட பஸ்ஸுண்ணே."

"அவரு எங்க?"

"காலி பண்ணிட்டுப் போயிட்டாருண்ணே."

"அப்ப அடுத்தவர் பஸ்ல நாம ஏறலாமா?"

சங்கம் நடுரோட்டிலேயே கூடி விவாதித்தது. கூடாது என்பதில் இரண்டு கருத்து இல்லை. டிரைவருக்கு மாலை போட்டு, வெற்றிலை பாக்குக் கொடுத்து, இனிமேல் இந்தப் பக்கம் வரவேண்டாம் என்று கைகூப்பி வழியனுப்பினார்கள்.

பிறகு ஒன்பது கிலோமீட்டரும் நடந்தார்கள். பூங்கோதை பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தாள். ஏகாம்பரம் தலையில் பெட்டியைச் சுமந்தபடி அவள் பக்கத்தில் வந்தான்.

"வெசனப்படாத புள்ள" என்றான். "காலைல மொத வேலையா பஸ் கேட்டு ஒரு மனு தட்டிர்றேன். இப்பத்தான் பெட்டிக்கு எம்பேரு தெரியுமே!"