பீரோவுக்குள் போன இயக்குநர்

சிரிப்பு உண்டு, சத்தியமாக உண்டு. ஆனால் இப்போதே சிரிக்காதீர்கள். ஒருத்தியின் வேலை போகப்போகிறது.

கோவையிலிருந்து இணையத்தில் ஆங்கில வகுப்பு. படிப்பவர்கள் ஸ்பானிஷ் பேசும் பெரு நாட்டுக்காரர்கள். பெட்டியில், மேசையில், வாசலில் என்று நாம் எல்லாவற்றுக்கும் ‘இல்’ போடுவதுபோல அவர்களுக்கும் ஒரே சொல்தான். அதனால் இன், ஆன், அட் மூன்றும் குழம்பும்.

இயக்குநர் பரஞ்சோதி செருமினார். “ம்ஹ்ம்! குயிலி, மூணும் இன்னைக்கே அவங்களுக்கு வரணும். இல்லேன்னா நாளைக்கு நீ வராதே!”

புது ஆசிரியை குயிலி பணிவாகச் சொன்னாள். “நீங்களே கேமரா முன்னாடி நின்னா வரும் சார். அவங்க சொல்ற இடத்துக்குப் போகணும், சொல்லாம நகரக்கூடாது.”

கேமரா என்றதும் அவர் தலை சீவிக்கொண்டார்.

“அட் த டோர்” என்றார்கள் திரையிலிருந்த மாணவர்கள், வாசலில் நின்றார். ஒருவர் “இன் த டேபிள்” என்றார்; சார் மேசைக்குள் தலையை நுழைக்கப் பார்த்தார். பதறிப்போய் “ஆன்! ஆன்!” என்று எல்லோரும் திருத்தினார்கள், ஏறினார். “இன் த கப்போர்டு”. வயிற்றை எக்கிக்கொண்டு பீரோவுக்குள் போனார். குயிலி கதவைச் சாத்தினாள்.

“பாடம் வந்துடுச்சா?” பீரோ கேட்டது.

“தப்பில்லாம வந்துடுச்சு சார்.”

“அப்போ என்னை வெளியே வரச் சொல்லச் சொல்லு!”

“அதுக்கான சொல்லை இன்னும் நடத்தலையே சார். அது நாளைய பாடம்.”

பீரோ செருமியது. பிறகு மெல்லக் கேட்டது.

“நாளைக்கு… எத்தனை மணிக்கு வருவேம்மா?”