திரும்பிப் பார்க்காத வழிகாட்டி

மலைகளின் வயிற்றில் நெருப்பும் விலங்குகளின் வாயில் பேச்சும் இருந்த காலம் அது. நடுக்கடலில் ஒரு தீவு இருந்தது. தீவு என்றதும் தென்னந்தோப்பை நினைத்துக்கொள்ள வேண்டாம். புகைகிற மலை ஒன்று, அது கக்கிப்போட்ட கரும்பாறை, கால் வைத்தால் புதைகிற சாம்பல், அவ்வளவுதான். ஆனாலும் அதைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது. தன் ஊரில் இல்லாததைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இல்லை? விடிந்ததும் ஒரு கிழத் திமிங்கலம் விலங்குகளை முதுகில் ஏற்றிக்கொண்டு வரும். பொழுது சாய்ந்தால் திரும்பிவிடும். யாருக்காகவும் நிற்காது.

வந்தவர்களுக்குத் தீவைச் சுற்றிக் காட்டியது ஒரு சின்னக் குருவி. கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு, கண்ணுக்கு மேலே மை தீட்டினாற்போல் அல்ல, சுண்ணாம்பு தீட்டினாற்போல் ஒரு வெள்ளைக் கோடு. அதன் அம்மா செத்த பிறகு அந்தத் தீவில் குடியிருந்த உயிர் அது ஒன்றுதான்.

அங்கே பாதை கீதை எதுவும் கிடையாது. எந்தப் பாறை காலைச் சுடும், எந்தச் சாம்பலுக்கு அடியில் பள்ளம் இருக்கிறது என்று குருவிக்குத்தான் தெரியும். தொழிலில் அதற்கு இரண்டு கட்டுப்பாடுகள் இருந்தன. இரண்டும் அம்மா சொல்லிக்கொடுத்தவை. ஒன்று, சிறகு இல்லாதவர்களைக் கூட்டிப்போகும்போது தானும் நடந்தே போக வேண்டும். இரண்டு, நடக்கையில் திரும்பிப் பார்க்கக் கூடாது. வழிகாட்டி திரும்பினால், வழி தெரியாமல் முழிக்கிறது என்று பின்னால் வருபவர்களுக்குக் கிலி பிடித்துவிடுமாம்.

பகல் முழுக்கக் கலகலப்பாகத்தான் போகும். பச்சை ஏரியைப் பார்த்து வாய் பிளப்பார்கள், வெந்நீர் ஊற்றில் காலை நனைப்பார்கள், குருவியை ஆகா ஓகோ என்பார்கள். சாயங்காலம் திமிங்கலத்தைக் கண்டதும் ஒருவரையொருவர் முந்திக்கொண்டு ஓடுவார்கள். போய்வருகிறேன் என்று சொல்லக்கூட யாருக்கும் தோன்றாது. குருவி கரையில் தனியாக நிற்கும். அந்த நேரம் அதற்குப் பிடிக்கவே பிடிக்காது.

ஒருநாள் வந்த கூட்டத்தில் ஒரு தேவாங்கு இருந்தது. இரவில் நடமாடுகிற பிறவி, ஆசைப்பட்டுப் பகலில் கிளம்பி வந்துவிட்டது. வெயிலில் கண் கூசியது. அடிமேல் அடி வைத்து எல்லாருக்கும் கடைசியில் வந்தது. காட்டுப்பன்றிக்கும் முயலுக்கும் அதைப் பார்த்து ஒரே சிரிப்பு.

ஏரிக்கரையில் எல்லாரும் இளைப்பாறியபோது தேவாங்கு குருவியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"எங்களை அனுப்பிட்டு ராத்திரி நீங்க யார்கூடப் பேசுவீங்க?" என்று கேட்டது.

இதுவரை யாரும் கேட்காத கேள்வி. குருவிக்கு என்னவோபோல் ஆகிவிட்டது.

"யார்கூடப் பேச? மலை கொஞ்சம் உறுமும். அதைக் கேட்டுக்கிட்டே தூங்கிடுவேன்."

தேவாங்கு தன் கதையைச் சொன்னது. அதற்கும் யாரும் இல்லை. ஊரில் எல்லாரும் விழித்திருக்கும்போது அது தூங்கும். பிறகு, தங்க ஓர் இடம் காட்டினால் இங்கேயே இருந்துவிடுவதாகச் சொன்னது. குருவிக்குத் தலைகால் புரியவில்லை.

கடல் கண்ணில் பட்டதும் மற்றவர்களை நேரே இறங்கச் சொல்லிவிட்டு, தேவாங்கை மட்டும் மலைச்சரிவு வழியாகத் தன் இருப்பிடத்துக்குக் கூட்டிப்போனது. முன்னால் நடந்துகொண்டே பேசியது. மழைக்கு ஒதுங்கப் பாறைப்பொந்து இருக்கிறது, உள்ளே கதகதப்பாக இருக்கும், பகலில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தூங்கலாம், நான் சத்தம் போடமாட்டேன் என்றது. சேர்த்துவைத்திருந்த பேச்சையெல்லாம் பேசியது. வேறெதுவும் காதில் விழாதபடி மலை உறுமியது. காற்று திசைமாறிச் சாம்பல்புகை இறங்கியது. இன்றைக்குப் போய்த் தேவாங்கு தன்னைத் தடுமாறுகிற வழிகாட்டி என்று நினைத்துவிடக் கூடாதே என்று, குருவி கழுத்தைக்கூட அசைக்கவில்லை.

பொந்து வாசலில் நின்று, "இதுதான் நம்ம வீடு" என்று திரும்பியது.

பின்னால் யாரும் இல்லை.

குருவிக்கு உயிரே போய்விட்டது. கட்டுப்பாட்டை மறந்து புகைக்குள் பறந்து, பள்ளம் பள்ளமாகக் கூப்பிட்டுத் தேடியது. எதிலோ விழுந்துவிட்டது என்றே நினைத்து அழுதது. புகை விலகியபோது இருட்டிவிட்டது. கடலில் திமிங்கலம் இல்லை.

மறுநாள் காலை திமிங்கலம் வந்ததும் ஓடிப்போய் விசாரித்தது. தேவாங்கு பத்திரமாகக் கரை சேர்ந்துவிட்டதாம்.

"புகையில கால் தடுக்கி விழுந்துட்டுதாம். உன்னை எத்தனையோ தடவை கூப்பிட்டுதாம். நீ பாட்டுக்குப் போயிட்டே இருந்தியாம்," என்றது திமிங்கலம். "ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கலையே, நான் இருக்கிறது பிடிக்கலைபோல இருக்குன்னு வழியெல்லாம் அழுதுது."

குருவி அன்றைக்கு வந்த கூட்டத்தைக் கரையிலேயே விட்டுவிட்டுக் கடலைத் தாண்டிப் பறந்தது. காடு காடாக விசாரித்தது. தேவாங்கு பகல் முழுக்க இலைமறைவில் சுருண்டு தூங்கியது. அது கண் விழிக்கிற நேரத்தில் குருவிக்குக் கண் தெரியவில்லை. ஆனாலும், பகல் வெளிச்சத்தில் ஆசைப்பட்டு ஒருமுறை கிளம்பி வந்தது மறுபடியும் வராதா என்று குருவி நம்பியது.

அன்றைக்குப் பிடித்த பழக்கம்தான். இன்றும் வாலாட்டிக் குருவி வரப்பிலும் குளக்கரையிலும் தத்தாமல் நடந்தே நமக்கு முன்னால் போகிறது. நான்கு எட்டு வைப்பதற்குள் நின்று திரும்பிப் பார்க்கிறது, புகையிலும் தெரியட்டும் என்று வாலை ஆட்டிக் காட்டுகிறது. பின்னால் வருவது நாம்தான் என்று தெரிந்ததும் பறந்துவிடுகிறது.