மரிக்கொழுந்தின் வயிற்று மூடி

ஆம்பல் குளத்து நண்டம்மாக்களுக்குக் கூச்சம் அதிகம். வயிற்றை மண்ணோடு ஒட்ட வைத்துக்கொண்டேதான் நடப்பார்கள். மறைவிடத்தை மூடும் அந்த வயிற்று மூடி பக்கத்து வளைக்காரிக்கு எப்படி இருக்கும் என்று ஒருத்திக்கும் தெரியாது.

அங்கே ஓர் ஆமை வைத்தியர் வந்து சேர்ந்தார். பாறைமேல் ஒரு நண்டு ஓட்டை மல்லாத்தி வைத்தார். அதன் மூடி ஈர்க்குச்சி போல ஒல்லியாக இருந்தது.

மரிக்கொழுந்து என்ற நண்டைத் தனியே கூப்பிட்டுக் கிசுகிசுத்தார். "ஊர்ல எல்லாருக்கும் இப்படித்தாம்மா இருக்கு! உனக்கு மட்டும் முறம் மாதிரி விரிஞ்சு கிடக்கு. நறுக்குன்னு கடிச்சு எடுத்துடலாம்!"

மரிக்கொழுந்துக்கு மானம் போயிற்று. ஆனால் முட்டையிடும் நாள் நெருங்கியிருந்தது. முட்டைகளை அந்த மூடிக்குள் வைத்துத்தானே சுமக்க வேண்டும்? வைத்தியரிடம் ஏற்கெனவே மூடியை வெட்டிக்கொண்ட தோழி கோமளத்திடம் ஓடினாள்.

"எப்படிடீ இருக்கு?"

"அம்சமா இருக்குடீ! என்ன, உட்காரத்தான் முடியல. நடக்கவும் முடியல. முட்டை வந்தா எங்க வைக்கிறதுன்னும் தெரியல. மத்தபடி பிரமாதம்!"

அப்படியும் ஆசை விடவில்லை. வைத்தியர் முன்னே மல்லாந்து படுத்தாள் மரிக்கொழுந்து. அந்த ஓடு கண்ணெதிரே இருந்தது. இடது கொடுக்கில், குஞ்சாக இருந்தபோது அவளுக்கு ஒடிந்தது போலவே, நுனி இல்லை. அட! அது சின்ன வயதில் அவளே உரித்துப் போட்ட ஓடு!

"வைத்தியரே, அடுப்புல உலை வச்சது ஞாபகம் வந்துடுச்சு!" என்று நழுவினாள்.

யார் குரலையும் அப்படியே பேசிக் காட்டுவதில் மரிக்கொழுந்து கெட்டிக்காரி. வைத்தியர் புதருக்குள் ஒதுங்கிய நேரம் பார்த்து, பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, ஆமையின் மூக்குக் குரலில் கூவினாள்.

"தாய்மார்களே! இலவசப் பரிசோதனை! எல்லாரும் ஒரே நேரத்துல மல்லாந்து படுங்கம்மா!"

இலவசம் என்றால் விடுவார்களா? தொப் தொப்பென்று அத்தனை பேரும் மல்லாந்தார்கள். தலையைத் திருப்பிப் பார்த்தார்கள். ஒருத்திக்குத் தோசை போல. ஒருத்திக்குக் கோணல். இன்னொருத்திக்கு ஓரமெல்லாம் சுருக்கம். ஈர்க்குச்சி எவளுக்கும் இல்லை!

"அடியே, உனக்குமா?"

"உனக்குமாடீ!"

குளமே சிரித்தது.

மரிக்கொழுந்து வெளியே வந்தாள். "அந்த ஓடு நான் குஞ்சா இருந்தப்போ போட்ட சட்டைடீ! குஞ்சு முட்டையா சுமக்கப் போகுது?"

சத்தம் கேட்டு ஆமை புதரிலிருந்து எட்டிப் பார்த்தார். வாய் அசைந்துகொண்டே இருந்தது.

"வாயில என்ன வைத்தியரே?"

"மூ... மூடி... ரொம்ப ருசி..."

அத்தனை கொடுக்குகளும் உயர்ந்தன. ஆமை ஓடியதை ஆம்பல் குளம் அன்றுதான் பார்த்தது. கோமளத்துக்கும் அடுத்த முறை ஓடு உரித்தபோது, முறம் போல ஒரு மூடி மெல்ல வளர ஆரம்பித்தது.

இல்லாத குறையை நம் காதில் போட்டுவிட்டு, அதற்கு மருந்தும் நீட்டுகிறவரிடம் உடம்பைக் கொடுக்கக் கூடாது.