நாரத்தை இலைச் சட்டை

காட்டோரத்துக் குளக்கரையில், பூவரச மரத்தின் வேருக்கடியில், மரகதம் என்றொரு மூஞ்சூறு ஐந்து பிள்ளைகளோடு வளையில் குடியிருந்தாள். அவளுக்குச் சட்டைப் பைத்தியம். எதிர்ப் புதரில் இருந்த தையல்சிட்டு இலைகளை மூட்டி அழகழகாகச் சட்டை தைத்துக் கொடுக்கும். நாலு வெட்டுக்கிளி கொண்டுபோனால் ஒரு சட்டை. மரகதம் பிடிக்கிற வெட்டுக்கிளியில் பாதி அங்கேதான் போயிற்று.

"உடுத்த ஒரு சட்டை இல்லை" என்று அவள் தினமும் அலுத்துக்கொள்வாள். அதை எங்கே நின்று சொல்வாள் தெரியுமா? முப்பது சட்டைக் குவியலின் மேல் ஏறி நின்றுகொண்டு சொல்வாள். ஆசையாக எடுத்து வருவாள், ஒரு நாள் போடுவாள், மறுநாள் குவியலில் எறிவாள். சிலதைப் போட்டதே இல்லை. குவியல் வளர்ந்து வளர்ந்து வளையின் பின்வாசலையே அடைத்துவிட்டது. முன்வாசல் இருக்கிறதே, போதாதா என்று அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை.

மூஞ்சூறுகளுக்குக் கண் பார்வை மங்கல். மூக்குதான் எல்லாம். வெளியே கிளம்பினால் அம்மா முன்னே நடப்பாள். மூத்தது அம்மாவின் வாலடியைக் கவ்விக்கொள்ளும். அதன் வாலடியை அடுத்தது கவ்வும். இப்படி ஐந்தும் ரயில்பெட்டி மாதிரி கோத்துக்கொண்டு போகும். மூஞ்சூறுக்கென்று ஒரு வாடை உண்டு. ஊர் உலகமெல்லாம் அதற்கு மூக்கைப் பொத்தும். பிள்ளைகளுக்கோ அதுதான் அம்மா. மரகதமும் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தாள்: "குரலை யார் வேணும்னாலும் போட்டுக் காட்டிடுவாங்க. அம்மா வாடை வந்தாத்தான் வாலைக் கவ்வணும். வேற யார் கூப்பிட்டாலும் அசையக் கூடாது."

புதுச் சட்டை போட்ட நாளெல்லாம் பிள்ளைகள் நாலு தரம் மோந்து பார்த்துவிட்டுத்தான் கிட்டே வரும். நம் சட்டை அவ்வளவு பிரமாதம் போலிருக்கிறது என்று மரகதம் அதிலும் பெருமைப்பட்டுக்கொண்டாள்.

ஐப்பசி மாதம். மூன்று நாள் விடாமல் பெய்த மழை அன்று காலைதான் கொஞ்சம் வெறித்திருந்தது. நாரத்தை இலையில் புது மாதிரி சட்டை வந்திருப்பதாகச் சிட்டு குரல் கொடுத்தது. மரகதம் பிள்ளைகளை வளைக்குள் விட்டுவிட்டு ஓடினாள். போட்டுப் பார்த்தாள். கமகமவென்று புதரே மணத்தது. முன்னே திரும்பி, பின்னே திரும்பி, அவள் அழகு பார்த்து முடிவதற்குள் மேல்கிளையில் இருந்த சிட்டு பதறியது.

"அக்கா, குளம் நிரம்பி வழியுது! தண்ணி உங்க வளைப் பக்கம் வருது!"

மரகதம் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினாள். முன்வாசலை ஒட்டித் தண்ணீர் வந்துவிட்டிருந்தது. உள்ளே பாய்ந்து, வாலை நீட்டி, வாங்கடா கிளம்பலாம் என்று கூப்பிட்டாள். ஒன்றும் அசையவில்லை. ஐந்தும் மூலையில் ஒண்டிக்கொண்டு மூக்கைச் சுளித்தன.

மூத்தவள் பொன்னிதான் மரியாதையாகப் பதில் சொன்னாள். "எங்க அம்மா வெளிய போயிருக்காங்க. வந்ததும் சொல்றோம். நீங்க போயிட்டு வாங்க."

மரகதத்துக்கு அப்போதுதான் தன் மேல் வீசும் நாரத்தை மணம் உறைத்தது. சட்டையைக் கிழித்து எறிந்தாள். நாரத்தை வாசம் உடம்பில் அப்பியிருந்தது. ஒரு பிள்ளையைக் கவ்வித் தூக்கப் பார்த்தாள், அது கடித்துவிட்டு அடி மூலைக்குப் போயிற்று. நான்தாண்டி உங்கம்மா என்று கெஞ்சினாள். யார் வேண்டுமானாலும் குரலைப் போட்டுக் காட்டிவிடுவார்கள் என்று அம்மா சொல்லியிருப்பதாகப் பொன்னி கறாராகச் சொல்லிவிட்டாள். தண்ணீர் முன்வாசலைத் தாண்டி உள்ளே வந்தது. இனி அந்த வழி இல்லை. பின்வாசல் மேட்டில் திறக்கும். ஆனால் அங்கே சட்டைகள்!

மரகதம் குவியலில் பாய்ந்தாள். மா இலைச் சட்டை, தேக்கிலைச் சட்டை, போடவே போடாத வாழைநார்ச் சட்டை என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பின்னால் தண்ணீரில் எறிந்தாள். தண்ணீர் பிள்ளைகளின் காலை நனைத்தது. கடைசியாக, எல்லாவற்றுக்கும் அடியில், நைந்துபோன பூவரசிலைச் சட்டை ஒன்று கைக்கு வந்தது. அவளுடைய முதல் சட்டை அது. பிள்ளைகள் பிறந்தபோது மாதக்கணக்கில் அதைத்தான் போட்டிருந்தாள். அதை உருவினாளோ இல்லையோ, வளை முழுக்க அவளுடைய பழைய வாடை அடித்தது.

"அம்மா வந்துட்டாங்க!" என்றாள் பொன்னி.

மரகதம் அந்தச் சட்டைக்குள் புகுந்து வாலை நீட்டினாள். ஐந்தும் மளமளவென்று கோத்துக்கொண்டன. கடைசிப் பிள்ளையின் வாலும் பின்வாசலைத் தாண்டிய பிறகு வளை நிரம்பியது. மேட்டுக்குப் போனதும் மரகதம் ஐந்தையும் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

இரண்டு நாள் கழித்துச் சிட்டு வந்தது. சட்டையெல்லாம் வெள்ளத்தில் போய்விட்டதே என்று வருத்தப்பட்டது. கடையில் புதுச் சரக்கு இறங்கியிருப்பதையும் மறக்காமல் சொன்னது.

"எல்லாம் போகல. முள்ளுச்செடியில மாட்டி நாலு தப்பிச்சிருக்கு" என்றாள் மரகதம். "தை பிறக்கிற வரைக்கும் நான் கடைப் பக்கம் வர்றதா இல்லை. இந்த நாலையும் முதல்ல உடுத்திப் பார்க்கணும். நீ வேணும்னா இந்தப் பூவரசுச் சட்டைக்கு ரெண்டு தையல் போட்டுக் கொடு."

சிட்டு முனகிக்கொண்டே தைத்துக் கொடுத்தது. மரகதம் நாலையும் காயவைத்து, மாற்றி மாற்றிப் போட்டாள். வாழைநார்ச் சட்டை மழைக்கு அத்தனை கதகதப்பு என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. மார்கழி முடிவதற்குள் நாலிலும் அவள் வாடை ஏறிவிட்டது. அவள் எதைப் போட்டுக்கொண்டு வந்தாலும் பிள்ளைகள் மோந்து பார்க்காமல் ஓடிவந்து வாலைக் கவ்வின.

புதிதாக எடுப்பதைக் கொஞ்ச காலம் நிறுத்தி, இருப்பதை உடுத்திப் பழகினால்தான், நாம் எடுத்தது நமக்குச் சொந்தமாகும்.