வலைக்கு எஜமானைத் தெரியுமா?

தீர்ப்புச் சொல்ல அவசரப்படுகிறவர்களுக்கு இந்தக் கதை ஒத்துவராது. சிலந்தியின் கால்கள்மேல் ஒரு கண் வைத்துக்கொண்டே கேளுங்கள்.

கோடைமங்கலத்துக்கு ஒரே ஏரி. முறை தப்பி மதகைத் திறந்து பாய்ச்சினால், அந்த நிலத்துக்கு அந்தப் பருவம் முழுக்கத் தண்ணீர் கிடையாது. அரசன் மாறவேள் போட்ட சட்டம். காத்தாயி தனியாளாக அரைக்காணி நெல் போட்டிருந்தாள். பயிர் கதிர் விடும் சமயம். அவள் முறைக்கு இன்னும் நான்கு நாள். பொறுக்க முடியாமல் ஒரு காலையில் மதகைத் திறந்தாள், பிடிபட்டாள், அவள் வாய்க்காலை அடைத்துவிட்டார்கள். அதே வாரம் அரண்மனை வாழைத்தோப்புக்கும் முறை தப்பித் தண்ணீர் பாய்ந்தது. அதை யாரும் அடைக்கவில்லை.

காத்தாயி நேரே சபைக்கு வந்தாள்.

"என் வாய்க்காலை அடைச்ச கையோட உங்க தோப்பு வாய்க்காலையும் அடைச்சிருக்கணும், மகாராஜா. இல்லேன்னா என்னுதைத் திறந்துவிடுங்க. மன்னிப்புக் கேக்க நான் வரலை."

அமைச்சர் தருமசேனர் சிரித்தார். முற்றத்து நந்தியாவட்டைச் செடியில் ஒரு சிலந்தி வலை கட்டியிருந்தது. அதைக் காட்டி, "ஈ ஒட்டிக்கொள்கிறது, பின்னிய சிலந்தி ஒட்டுவதில்லை. சட்டமும் அப்படித்தானம்மா. வலைக்கு எஜமானைத் தெரியும்" என்றார்.

"ஆளைப் பார்த்துத் தெரிஞ்சுக்க நூலுக்குக் கண்ணு இருக்கா, ஐயா?"

சபையில் சிலர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அரசனுக்குச் சுருக்கென்றது. "சரி, பார்த்துவிடுவோம். வலை தானாகவே சிலந்தியை விட்டுவிடுகிறது என்றால் சட்டமும் என்னை விட்டுவிடும். அப்படியில்லை என்றால் என் தோப்புக்கும் தண்ணீர் நிற்கும். இது என் வாக்கு."

எல்லோரும் முற்றத்துக்கு வந்தார்கள். அரண்மனை வைத்தியர் நல்லாதன் நூல்களை விரலால் தொட்டுப் பார்த்தார். "நடுவிலிருந்து கிளம்பும் நேர் நூலில் பசையே இல்லை. சுற்றி வரும் நூலில்தான் பசை. சிலந்தி நேர் நூலில் நடக்கிறது. அரசருக்கும் அப்படியொரு காய்ந்த பாதை இருக்கலாமே."

அந்நேரம் ஒரு கொசு வந்து விழுந்தது. சிலந்தி நேர் நூல் வழியாகத்தான் ஓடியது. ஆனாலும் இரண்டு தடவை பின்னங்கால் சுற்று நூலில் பட்டது. நுனி மட்டும் பட, மெல்ல உருவிக்கொண்டது. கொசுவைத் தின்று முடித்ததும் கால்களை ஒவ்வொன்றாக வாயில் இழுத்துச் சுத்தம் செய்தது.

காத்தாயி கொஞ்சம் சீயக்காய்த் தண்ணீர் கேட்டு வாங்கினாள். சிலந்தியை இலையில் ஏந்தி, அதன் கால்களைக் கழுவி, சுற்று நூலின்மேல் விட்டாள். கால்கள் ஒட்டிக்கொண்டன. சிலந்தி இழுக்க, நூல் நீண்டதே தவிர விடவில்லை.

"உங்க வலைக்கு எஜமானைத் தெரியலையே, ஐயா" என்றாள் அமைச்சரிடம். "பசை எல்லாருக்கும் பசைதான். அதோட காலுதான் அதைக் காப்பாத்துது."

வலைக்கு எஜமானைத் தெரியும் என்றார் ஒருவர். காய்ந்த பாதை உண்டு என்றார் இன்னொருவர். கால்தான் காக்கிறது என்றாள் காத்தாயி. இவர்களில் யார் சொன்னது சரி? வாக்குக் கொடுத்த அரசன் என்ன செய்ய வேண்டும்?

விடை: அமைச்சர் சொன்னது முழுத் தவறு. வைத்தியர் சொன்னது பாதி உண்மை. நேர் நூல் காய்ந்ததுதான், ஆனால் சிலந்தியின் கால் பசை நூலிலும் படுகிறதே. அங்கே அதைக் காப்பது காலிலுள்ள மெல்லிய முடியும், அதன்மேல் படிந்திருந்து சீயக்காய்த் தண்ணீரில் கழுவிப்போன பூச்சும், நுனியால் தொட்டு எடுக்கும் நிதானமும். வலை யாருக்கும் விலக்குத் தரவில்லை. ஆகவே காத்தாயி சொன்னதே சரி. வாக்குப்படி தோப்பு வாய்க்கால் அடைபட்டது. "உன்னுடையதும் திறக்காது, தெரியுமல்லவா?" என்றான் அரசன். "தெரியும். நல்லா இறுக்கி அடைங்க" என்றாள். ஏழாம் நாள் வாழை இலைகள் தொங்கிப்போயின. ஒரு பருவம் முழுக்கத் தண்ணீரை நிறுத்துவது கொடுமை என்று அரசனுக்கு அன்றுதான் உறைத்தது. சட்டம் மாறி எல்லா வாய்க்காலும் திறந்தபோது காத்தாயியின் பயிரில் பாதி கருகியிருந்தது. மீதி கதிர் விட்டது. நன்றி சொல்ல அவள் அரண்மனைப் பக்கம் போகவில்லை.